நல்லடையும் சாடியும்

சங்கப் பாடல்களில் கள் உண்டு என்பது நாம் அனைவரும் அறிந்ததே. கள் பெற்றால் பகிர்ந்துண்ட அதியமானைப் பேசாத தமிழ் வகுப்பறை இல்லை. ஆயின், குடித்தவர்களைப் பேசிய அளவுக்கு ஆக்கியவர்களை யாரும் பேசுவதில்லை.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சிக்குச் செல்லும் வழியில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருகிறது. பாணனுக்கு அங்கே சுட்ட மீனோடு வீட்டில் ஆக்கிய மதுவும் கிடைக்கும். புலவர் அதன் செய்முறையையே சொல்லிவிடுகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுகிறார்கள். புற்றாஞ்சோறு போலிருக்கும் நல்லடையை அதில் கலக்கிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிந்து, வலிய வாயுடைய சாடியில் பச்சை வாடை நீங்க விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். நல்லடை என்பது நெல்முளையை இடித்துச் செய்தது என்பது உரைமரபு.

முளைகட்டிய தானியமே பீருக்கு அடிப்படை. ஐரோப்பாவில் அது வாற்கோதுமை, இங்கே நெல். முளையில் தோன்றும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. ஈஸ்ட் அச்சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கொதிக்கும் களியில் நல்லடையை இட்டால் நொதிகள் சிதையும், ஈஸ்ட்டும் மடியும். ஆகவே புலவர் 'ஆற்றி' என்று சொல்வதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. வீட்டில் முதன்முதலாகப் பீர் ஆக்குபவருக்கும் அதுவே பாடம். அடுத்த பாடம் காத்திருத்தல். நொதித்தல் முடியுமுன் புட்டியில் அடைத்தால் வாயுவின் அழுத்தத்தில் புட்டி வெடிக்கும். முடிந்தபின் லிட்டருக்கு ஐந்தாறு கிராம் சர்க்கரை சேர்த்து மூடினால் அளவான நுரை பிறக்கும். புட்டி அறியாத வலைஞருக்குப் பச்சை வாடை நீங்கியதே அடையாளம்.

அதே தொண்டைநாட்டில், எண்ணூருக்கு வடக்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையே காட்டுப்பள்ளி இருக்கிறது. 2010-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. பின்னர் துறைமுகம் வந்தது. வலையும் மீனும் இன்னும் அங்கே உண்டு. ஆனால் ஒரு மீனவர் வீட்டில் இப்பாடலில் உள்ளபடி சாடி வைத்தால் அது குற்றம். 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் உரிமம் இல்லாத எந்த ஆக்கத்தையும் ஏற்பதில்லை. அச்சட்டத்தின் நோக்கத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. கூலி வீடு வந்து சேராத குடும்பங்களை நாமும் அறிவோம். எனினும் 2003 முதல் அரசே மதுவைச் சில்லறையில் விற்கிறது. வீட்டுச் சாடி மட்டும் குற்றமாகவே நீடிக்கிறது.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பம் மீனவக் குப்பத்தில் நச்சு மது 14 உயிர்களைப் பறித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் இறந்தோர் அறுபதுக்கும் மேல். கொன்றது தொழிற்சாலைக்குரிய மெத்தனால். அரிசியும் முளையும் அல்ல. ஆனால் நம் பேச்சில் இரண்டுமே 'கள்ளச்சாராயம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைபடுகின்றன. தோப்பி, நறவு, தேறல், பிழி, அரியல் என்று பிரித்தறிந்த மொழி இது. இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது 'சரக்கு' என்ற ஒரு சொல். சொற்கள் போனபோது, எது உணவு, எது நஞ்சு என்று பிரித்தறியும் பழக்கமும் கூடவே போயிற்று.

அஸ்ஸாமின் திமாசா மக்கள் அரிசியில் ஆக்கும் ஜூடிமாவுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்களுக்கு அது வாழும் மரபு. நமக்கோ உரைநூலில் மட்டும் இருக்கும் மரபு.

சட்டம் மாற வேண்டுமா என்பதை மக்களும் மன்றங்களும் பேசட்டும். தமிழாசிரியர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இவ்வடிகளை 'அக்கால மக்கள் மது அருந்தினர்' என்ற ஒரு வரிக் குறிப்போடு கடந்துவிடாமல், நுண்ணுயிரியல் ஆசிரியரையும் அருகில் அமர்த்திக்கொண்டு சொல் சொல்லாகப் படிப்பிக்கலாம். மன்னனைப் பாடிய நூலில் பெயரற்ற வலைஞரின் கைத்திறன் இவ்வளவு துல்லியமாகப் பதிவாகியிருப்பதை மாணவர்கள் அறியட்டும்.