கொடி கட்ட அழைத்தோம். கூடிப் பேச அழைத்தோமா?

“இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அரசியலில் நாட்டமே இல்லை!” சென்ற திங்கள் நடந்த கிளைக் கூட்டமொன்றில் மூத்த தோழர் ஒருவர் இப்படி அங்கலாய்த்தார். சினிமா என்றார், கிரிக்கெட் என்றார், கைப்பேசி என்றார். குற்றப்பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. கூடியிருந்தோர் தலையசைத்தனர். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: “தோழரே, உமது ஊரில் இந்த ஆண்டு 18 வயது நிரம்பிய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேரின் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறியிருக்கிறது?” தோழர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் மின்விசிறியைப் பார்த்தார்!

அவர்களை எள்ளி நகையாட இதை எழுதவில்லை. அதே கேள்வியை அவர்கள் திருப்பிக் கேட்டிருந்தால் நானும் விழித்திருப்பேன்.

1965-ஐ நினைத்துப் பாருங்கள், தோழர்களே! இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகத்துக் கல்லூரி மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள், தடியடி பட்டார்கள், சிறை புகுந்தார்கள். அவர்களில் பலருக்கு அன்று வாக்குரிமை கிடையாது. வாக்களிக்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். நாடே அவர்களைப் பற்றிப் பேசிற்று. நாட்டின் வாக்காளர் பட்டியலிலோ அவர்கள் பெயர் இல்லை. அந்த முரண்பாடு நீங்க மேலும் 24 ஆண்டுகள் ஆயின. 1988 டிசம்பரில் 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றிற்று. 1989 மார்ச் 28 முதல், 326-ஆம் பிரிவில் 21 என்றிருந்த இடத்தில் 18 ஏறிற்று. (அதே ஆண்டு ஜனவரியில் நடந்த நமது சட்டமன்றத் தேர்தலில் 18 வயதுப் பிள்ளை வேடிக்கைதான் பார்த்தான், நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவனே வாக்காளன்!)

அன்று வாக்கில்லாத பிள்ளை அரசியலில் இருந்தான். இன்று வாக்குள்ள பிள்ளை அரசியலுக்கு வெளியே நிற்கிறான். இடையில் நேர்ந்தது என்ன?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பு தேர்தல் ஆணையம் வெளியிட்ட விவரப்படி, நாட்டின் வாக்காளர் தொகை ஏறத்தாழ 97 கோடி. அவர்களில் 18, 19 வயதினர் சுமார் 1 கோடியே 80 லட்சம். நூற்றுக்கு இருவர்கூட இல்லை! இந்நாட்டில் ஓராண்டில் பிறக்கும் குழந்தைகளே இரண்டு கோடிக்கு மேல். அப்படியானால் அந்த இரண்டு வயதுப் பிள்ளைகள் நான்கு கோடிக்குக் குறையமாட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர் பட்டியலிலேயே இல்லை என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்? வாக்குச்சாவடிக்கு வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோமே, வாயிற்படி வரை அவர்களை அழைத்து வந்தவர் யார்?

பட்டியலில் பெயரில்லாமல் உரிமை போனது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1951-52-ல் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே கூறித் தம் சொந்தப் பெயரைச் சொல்லாத பெண்கள் இருந்தனர். பெரும்பாலும் வடநாட்டு மாநிலங்களில். அப்படிப்பட்ட ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. சட்டம் கொடுத்தது, பட்டியல் பறித்தது! அடுத்த தேர்தலுக்குள் வீடு வீடாகச் சென்று விளக்க வேண்டியிருந்தது. இன்று நம் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்ல நாணமில்லை. பெயரைக் கேட்டு வருவார்தான் இல்லை.

வழியும் முன்னைப்போல் கடினமாக இல்லை. முன்பு ஜனவரி முதல் நாள் ஒன்றே தகுதி நாள்; ஜனவரி 2-ல் பிறந்தவன் ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்தான். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் நாளும் தகுதி நாள். 17 வயது நிரம்பிய பிள்ளையே முன்கூட்டி 6-ஆம் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் பெண், சொந்த ஊரிலோ படிக்கும் ஊரிலோ ஏதேனும் ஓரிடத்தில் பெயரைச் சேர்க்கலாம். இவ்வளவும் எத்தனை கிளைச் செயலாளர்களுக்குத் தெரியும்?

சரி, பெயரைச் சேர்த்தாயிற்று. ஐந்தாண்டுக்கு ஒரு முறை வந்து விரலில் மை வைத்துக்கொண்டு போ என்று மட்டும் சொன்னால் எந்த இளைஞன் மதிப்பான்? இங்கேதான் நாம் சொல்ல மறந்த செய்தி ஒன்று உண்டு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிய அந்த நாளே அந்தப் பிள்ளை கிராம சபையின் உறுப்பினர் ஆகிறான். எவரும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எவர் தயவும் வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் 243-ஆம் பிரிவு அவனுக்குத் தந்த இடம் அது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் அந்தச் சபை கூடவேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். பயனாளிகளின் பட்டியல் அங்கே படிக்கப்பட வேண்டும். 501 முதல் 3,000 வரை மக்கள் உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால் கூட்டம் செல்லும். பத்துப் பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு எழுந்து நின்றால் அது சபையில் பத்தில் ஒரு பங்கு! சட்டமன்றத்தில் அவ்வளவு பலமுள்ள கட்சிகள் எத்தனை?

நகரத்துத் தோழர்கள், “எங்களுக்குக் கிராம சபை ஏது?” என்பர். 2022 முதல் பகுதி சபை என்று ஒன்று அங்கும் உண்டு. அது எங்கே கூடுகிறது என்று விசாரித்துப் பாருங்கள். விசாரிப்பதே ஒரு அரசியல் பணி.

ஊராட்சிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ நிற்க 25 வயது ஆகவேண்டும். ஊராட்சி மன்றத்துக்கு 21 போதும். அதுவன்றோ இளைஞனின் முதற் பள்ளிக்கூடம்! அந்தப் பள்ளிக்கூடத்தை அடிக்கடி பூட்டியது யார்? 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும், நடந்தது. மூன்றாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. அந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தபோது, மறுபடியும் தனி அலுவலர் கையிலேயே சாவி கொடுக்கப்பட்டது. வழக்கு என்றும் வரையறை என்றும் காரணங்கள் சொல்லப்பட்டன. ஆட்சிகள் மாறியும் இந்தப் பழக்கம் மாறவில்லை என்பதைக் கட்சிக்காரர்களாகிய நாமே சொல்லாவிட்டால், இளைஞன் சொல்வான். சொல்லிவிட்டு நம்மை விட்டு விலகியும் போவான்.

கல்லூரியைப் பற்றித் தனியே எழுதவேண்டும். மாணவர் பேரவைத் தேர்தல் குறித்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-லேயே ஏற்றது. இங்கே எத்தனை கல்லூரிகளில் வாக்குப்பெட்டி வைக்கப்படுகிறது? படிக்கும்போது அரசியல் ஆகாது என்று வாயைக் கட்டிவிட்டு, பட்டம் வாங்கிய மறுநாள் “ஏனப்பா உனக்கு அரசியலில் நாட்டமில்லை?” என்று கேட்பது விந்தையிலும் விந்தை!

இனி நம் வீட்டுச் செய்தி. மாநாடு என்றால் இளைஞனை அழைக்கிறோம். கொடி கட்டச் சொல்கிறோம், நாற்காலி அடுக்கச் சொல்கிறோம், வாழ்க முழக்கம் எழுப்பச் சொல்கிறோம். கிளைக் கூட்டத்தில் தீர்மானம் எழுதும்போது மட்டும், “நீ போய்த் தேநீர் சொல்லிவிட்டு வா, தம்பி” என்கிறோம். அவன் திரும்பி வருவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது! தங்கைகளையோ தேநீர் சொல்லக்கூட அழைப்பதில்லை. அனுபவம் வேண்டாமா என்று கேட்கும் தோழர்களே, நமக்கு எந்த வயதில் மேடை கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு 19. பேசியது பிதற்றல், கேட்டவர்கள் பொறுத்தார்கள்.

கிளைகள் செய்யவேண்டியது பெரிய காரியமன்று. ஊரில் 17 நிரம்பிய பிள்ளைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். எந்தக் கட்சி வீடு என்று பார்க்காதீர்கள். படிவம் எல்லோருக்கும் ஒன்றே. அவர்களைக் கிராம சபைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கேள்வி கேட்கட்டும், நம்மையும் கேட்கட்டும்.

அந்த மூத்த தோழர் பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. அதில் 37 பெயர்கள். பட்டியலில் ஏறியிருந்தவை ஒன்பது. மற்றவர்களுக்குப் படிவம் வாங்கிக் கொடுத்துவிட்டாராம். மகிழ்ச்சியோடு வந்தவர் முகத்தில் சிறு கலக்கமும் இருந்தது. “ஒரு பெண்பிள்ளை கேட்கிறாள்: இரண்டு வருஷத்துக்கு முந்தைய கிராம சபையில் குடிநீர்க் குழாய்க்குத் தீர்மானம் போட்டீர்களே, அது என்ன ஆயிற்று என்று. என்ன பதில் சொல்வது?”

இருவரும் அந்தத் தீர்மானத்தின் நகலைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.