பந்தி முடிஞ்சுது, கிளம்புங்க!

லினக்ஸில் 'கில்' என்று ஒரு கமாண்ட். பேர்தான் பயங்கரம். நிஜத்தில் அது வெறும் தபால்காரர். ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராமுக்கு ஒரு நம்பரைக் கொண்டுபோய்க் கொடுக்கும். நம்பர் சொல்லாவிட்டால் 15. அதற்கு அர்த்தம்: 'சமையல்காரரே, பந்தி முடிஞ்சுது, பாத்திரத்தைக் கழுவி வெச்சுட்டுக் கிளம்புங்க!' 9 என்றால் கதையே வேறு. அது சமையல்காரர் காதுக்கே போகாது. கர்னல் நேரே வந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும், அடுப்பில் பால் பொங்கினாலும் சரி.

அவசரக்காரனான நான் பல வருஷம் 9-தான் போட்டேன். நெட்வொர்க்கைச் சோதிக்கும் என் ஸ்க்ரிப்ட், 'டிசிபிடம்ப்'பைப் பின்னணியில் ஓடவிடும். போகிற வருகிற பாக்கெட்டுகளைப் பிடித்து ஃபைலில் எழுதுவது அதன் வேலை. சோதனை முடிந்ததும் கில் மைனஸ் 9. அப்புறம் ஃபைலைத் திறந்து எண்ணுவேன்.

ஒருநாள் ஃபைலில் ஒரு பாக்கெட்கூட இல்லை. புதிதாகச் சேர்ந்த பையனைக் கூப்பிட்டேன்.

"என்ன தம்பி, உன் ப்ரோக்ராம் எதையுமே அனுப்பலையே?"

"அனுப்புது சார்..."

"அப்ப ஃபைல் பொய் சொல்லுதா?"

பாவம், இரண்டு ராத்திரி தூங்காமல் தன் ப்ரோக்ராமை வரிவரியாகத் துருவினான். மூன்றாம் நாள் தயங்கித் தயங்கி வந்தான். "சார், உங்க ஸ்க்ரிப்ட்ல அந்த ஒன்பதைப் பதினஞ்சா மாத்திப் பாக்கட்டுமா?"

மாற்றினான். அத்தனை பாக்கெட்டும் சமர்த்தாக வந்து உட்கார்ந்திருந்தன!

விஷயம் இதுதான். டிசிபிடம்ப் பாக்கெட்டுகளை உடனுக்குடன் ஃபைலில் எழுதாது. கொஞ்சம் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும். 15 வந்தால், கையிலிருப்பதை எழுதிவிட்டுக் கண்ணை மூடும். 9 வந்தால் கையிலிருப்பதோடு போய்ச் சேரும். சாட்சியைக் கொன்றது நான். கூண்டில் நின்றது அவன்.

இப்போது ஸ்க்ரிப்ட் திருந்திவிட்டது. பின்னணியில் எதை ஓட்டினாலும் உடனே அதன் ப்ராசஸ் நம்பரைக் குறித்துக்கொள்கிறது. முடிவில் அந்த நம்பருக்கு மட்டும் 15. ('கில்லால்' என்று பேரைச் சொல்லி அடித்தால் பக்கத்து சீட்காரரின் டிசிபிடம்ப்பும் சேர்ந்து சாகும்.) பிறகு 'வெயிட்'. அது போய்ச் சேரும்வரை வாசலில் நிற்பது. சில விநாடி பொறுத்தும் அசையாவிட்டால்தான் 9.

இன்னொன்று: இந்தத் துப்புரவையெல்லாம் கடைசி வரியில் வைக்கக் கூடாது, 'ட்ராப்' போட்டு முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். பாதியில் கண்ட்ரோல்-சி அடித்தால் ஸ்க்ரிப்ட்தான் சாகும். பின்னணியில் விட்ட சர்வர் பெரும்பாலும் அதைச் சட்டையே செய்யாது. அநாதையாகி, போர்ட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மறுபடி ஓட்டினால், 'விலாசத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது' என்று பதில் வரும். முந்தின கல்யாணக் கோஷ்டி காலி பண்ணாத மண்டபத்தில் அடுத்த மாப்பிள்ளை எப்படி இறங்குவார்?

பையனிடம் "ஸாரிப்பா" என்றேன்.

"பரவாயில்லை சார். அவசரப்பட்டு எனக்கு 9 போடாம இருந்தீங்களே, அதுவே போதும்!" என்றான்.