பெயரும் எண்ணும்

பெயர் ஒருவரை அழைத்தற்குப் போதும். உரிமை வழங்குதற்கு அது மட்டும் போதாது. இவ்வுண்மையைத் தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டொன்றில் நாம் காணலாம். முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டளவில், கி.பி. 1014ஐ ஒட்டி, 400 தளிச்சேரிப் பெண்டிரைக் குடியமர்த்தினான். அவருள் ஒரே பெயர் பூண்டார் பலர். ஆதலின், தெரு, சிறகு, வீட்டு வரிசை, முன்னிருந்த கோயில், பெயர் ஆகிய இவையனைத்தும் சேர்த்தே ஒவ்வொருவரும் குறிக்கப்பெற்றனர். பங்கொன்றுக்கு ஆண்டுக்கு நெல் 100 கலம். ஆள்மாறி அளப்பின் உரியவர்க்கு அன்றோ இழப்பு!

இந்நாளில் கல்லூரிகளும் அலுவலகங்களும் பொதுக்கோப்புகளை ஒரு சர்வரில் வைத்துப் பலர்க்கும் பகிர்கின்றன. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் வகுத்த என்.எப்.எஸ். என்பது அதற்குரிய முறைகளுள் ஒன்று. அதன் வழக்கமான அமைப்பில், கேட்கும் கணினி அனுப்பும் பயனர் எண்ணையே சர்வர் நம்புகின்றது. லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் முதற்பயனர்க்கு 1000 என்னும் எண் தானே அமையும். எனவே, பத்துக் கணினிகளைத் தனித்தனியே நிறுவின், வெவ்வேறான பதின்மர் சர்வருக்கு ஒருவராகவே தோன்றுவர். ஒருவர் வருந்தி எழுதிய ஆய்வுரையை மற்றொருவர் அழித்தாலும் சர்வர் ஐயுறாது.

இதனினும் நுண்ணிய கேடு, சென்றவர் எண்ணை வந்தவர்க்கு அளித்தல். கோப்பின்மேற் பதியப்பெறுவது உடையவரின் எண்ணேயன்றிப் பெயரன்று. ஆதலால், பழைய மாணவர் விட்டுச்சென்ற கோப்பெல்லாம் அவ்வெண் பெற்ற புதியவர் உடைமையாகிவிடும். எண்ணுக்குப் பஞ்சம் என்பாரும் உளரோ? 32 பிட்டுகளால் ஆகிய எண்வரிசை 400 கோடிக்கு மேற்பட்டது. ஈண்டுச் சிக்கனம் வேண்டா.

'இறந்தோர், பெயர்ந்தோர் பங்கைப் பிறர் பெறலாம் என்று அக்கல்வெட்டே விதிக்கின்றதே' என்று சிலர் வினவலாம். உண்மை. ஆயினும் அங்கே கைம்மாறியது பணிக்குரிய பங்கு. அதனைப் பெறுவோர்க்கு உறவும் தகுதியும் வேண்டப்பட்டன. இன்றும் பணிக்குரிய உரிமையைக் குழுவெண்ணுக்கு அளித்து, தகுதியுடையாரை அக்குழுவிற் சேர்த்தல் வேண்டும். ஆளுக்குரிய எண்ணோ அவரோடு நின்றுவிடுதல் வேண்டும். இதுவே நம் துணிபு.

ஆதலின், நிறுவனம் முழுமைக்கும் ஒரே பதிவேடு அமைக்க. கோப்பறையைத் திறக்குமுன் இருபுறக் கணினிகளிலும் 'ஐடி' என்னும் கட்டளையிட்டு எண்களை ஒப்பிடுக. தலைமைப் பயனரின் 0 என்னும் எண்ணைப் பிற கணினியினின்று ஏற்காதிருக்க. மறைபொருள் மிக்க கோப்புகட்குக் கெர்பெராஸ் என்னும் அடையாளச் சோதனையையும் கூட்டுக. நெல்லளந்த 'ஆடவல்லான்' மரக்கால் 'இராசகேசரி'யோடு ஒக்கும் என்பதையும் நம் முன்னோர் கல்லிற் பொறித்தனர். அளவை ஒத்திருத்தலை அவர் அத்துணை இன்றியமையாததாகக் கருதினர். நெல்லினும் அரிய உழைப்பைச் சேமித்து வைக்கும் நாம் அதனைப் புறக்கணித்தல் தகுமோ?