கட்டியைப் பட்டினி போடும் உணவு உண்டா?



சில வாரங்களுக்கு முன் செம்பூரில் ஒரு விசுவாசியின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவ்வீட்டுத் தாயாருக்கு எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மைலோமா என்னும் புற்றுநோய். வாரந்தோறும் மருத்துவமனைக்குச் சென்று போர்ட்டிசோமிப் என்ற ஊசியைப் போட்டுக்கொண்டு வருகிறார். ஜெபித்து முடித்ததும் மூத்த மகன் இரண்டு டப்பாக்களை என் முன் வைத்தார். ஒன்றில் பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகள். மற்றொன்றில் மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின். "பாஸ்டர், புற்றுநோய்க்கு இரத்தம் போகிற வழியையே இவை அடைத்துவிடுமாம். ஆராய்ச்சிக்கூடத்தில் நிரூபித்திருக்கிறார்கள். ஊசி போட்ட பிறகு அம்மா மிகவும் சோர்ந்துபோகிறார்கள். ஊசியை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். தாயார் டப்பாக்களைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து உட்கொள்வது அவிசுவாசமா என்ற பழைய கேள்வி அன்று அங்கே எழவில்லை. எந்த மருந்து என்பதே கேள்வி. மகன் சொன்னதும் பொய்யன்று. பொய்யாயிருந்தால் ஒரு வார்த்தையில் மறுத்திருப்பேன். ஆகவே, "மருத்துவரைக் கேளாமல் எதையும் நிறுத்தவும் வேண்டாம், தொடங்கவும் வேண்டாம், நானும் வாசித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லித் திரும்பினேன். வாசித்து அறிந்ததை இம்மாதம் உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

இந்த ஆராய்ச்சியின் தந்தை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன். இவர் ஒரு யூத ரபியின் மகன். சிறுவயதில் தகப்பனார் மருத்துவமனைகளில் நோயாளிகளைச் சந்திக்கச் சென்றபோது உடன் சென்றவர். கட்டிலருகே நின்று ஜெபிப்பதோடு அமையாமல், நோய்க்குக் கைவைத்து ஏதேனும் செய்ய வேண்டும் என்ற வாஞ்சை அங்கேதான் அவருக்கு உண்டாயிற்று. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, விலங்கின் தைராய்டு சுரப்பியைக் கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வைத்து, அதனுள் புற்றுநோய்ச் செல்களைப் பதித்தார். அவை ஊசிமுனை அளவுக்கு வளர்ந்து நின்றுபோயின. அவற்றையே எடுத்து எலியின் உடலில் வைத்தபோதோ வெகுவேகமாய்ப் பெருகின. எலியின் உடலில் இருந்து கண்ணாடிக் கலத்தில் இல்லாதது எது? புதிய இரத்தக்குழாய்கள்.

1971-இல் அவர் தம் கருத்தை வெளியிட்டார். இரத்தக்குழாய் இல்லாத கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது; ஆகவே அது ஒரு வேதிப்பொருளைச் சுரந்து, அருகிலுள்ள இரத்தக்குழாய்களைத் தன்னை நோக்கிக் கிளைவிடச் செய்கிறது; அந்த அழைப்பைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்றார். இவ்வாறு புதிய குழாய்கள் முளைப்பதையே ஆஞ்சியோஜெனிசிஸ் என்கின்றனர். பல ஆண்டுகள் உடன் மருத்துவர்களே அவரை நம்பவில்லை. அவரோ 2008-இல் மரிக்குமட்டும் இவ்வாராய்ச்சியை விடவில்லை.

ஒரு பொருள் குழாய்களைத் தடுக்கிறதா என்று எப்படி அறிகிறார்கள்? அடைகாத்த கோழிமுட்டையின் ஓட்டில் சிறு சாளரம் வெட்டி, உள்ளேயுள்ள சவ்வின்மேல் அப்பொருளை வைப்பார்கள். சிவந்த கிளைகள் அதை நெருங்குகின்றனவா, விலகுகின்றனவா என்பது கண்ணுக்கே தெரியும். எலியின் கருவிழியிலும் இவ்விதமே பார்க்கலாம். அங்கே இயல்பாக இரத்தக்குழாய் இல்லை என்பதால், ஒன்று முளைத்தாலும் தப்பாது.

இத்தகைய சோதனைகளில் நம் உணவுப் பொருள்கள் ஒவ்வொன்றாய் வந்தன. 1993-இல், தாவர உணவு உண்போரின் சிறுநீரிலிருந்து ஜெனிஸ்டீன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். சோயாவில் மிகுந்துள்ள அது, புதிய குழாய்கள் உருவாவதைத் தடுத்தது. 1998-இல் குர்குமின் எலியின் கருவிழியில் குழாய்களைக் குறைத்தது. 1999-இல் ஸ்டாக்ஹோமில் யிஹாய் காவோ என்பவரின் குழுவினர் எலிகளுக்குத் தண்ணீருக்குப் பதிலாகப் பச்சைத் தேநீர் கொடுத்தபோது, அவற்றின் கருவிழியிலும் குழாய் வளர்ச்சி குறைந்தது. ஆகவே மகனிடத்தில் யாரோ சொன்னது மெய்யே. அந்த மெய் முட்டையிலும் எலியிலும் நின்றுவிட்டது என்பதைத்தான் டப்பாவின்மேல் எழுதவில்லை.

மனிதனிடத்தில் வரும்போது என்ன நேர்கிறது என்று பாருங்கள். 2008-இல் ஹூஸ்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், கணையப் புற்றுநோயாளிகள் 25 பேருக்கு நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் கொடுக்கப்பட்டது. எந்தக் குழம்பிலும் சேராத அளவு அது. ஆயினும் இரத்தத்தில் சேர்ந்தது மிகச் சொற்பமே. இருவரிடத்தில் மட்டும் சிறிது பலன் காணப்பட்டது. கண்ணாடிக் கிண்ணத்தில் செல்லின்மேல் நேரே ஊற்றப்படும் பொருள் வேறு. குடலையும் கல்லீரலையும் கடந்து, உருமாறி, இரத்தத்தில் எஞ்சும் பொருள் வேறு.

சுறாமீனின் குருத்தெலும்பு கதை இன்னும் வேதனையானது. குருத்தெலும்பில் இரத்தக்குழாய் இல்லை. அதிலுள்ள ஒரு பொருள் குழாய்களைத் தடுக்கிறது என்று 1983-இல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். 1990-களில் அதைப் பொடியாக்கி விற்றவர்கள் திரளான பணம் சம்பாதித்தனர். பின்னர் நுரையீரல் புற்றுநோயாளிகள் 379 பேரிடம் குருத்தெலும்புச் சாறு சோதிக்கப்பட்டு, 2010-இல் முடிவு வெளியாயிற்று. சாறு பெற்றவர்கள் நடுமதிப்பாக 14.4 மாதமும், வெறும் போலிமருந்து பெற்றவர்கள் 15.6 மாதமும் உயிர்வாழ்ந்தனர். சாற்றினால் ஆயுள் கூடவில்லை. சுறாவுக்கும் புற்றுநோய் வருவதுண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஃபோக்மனின் கருத்து தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருளல்ல. கட்டி விடுக்கும் அழைப்பை மறிக்கும் பெவாசிஸுமாப் என்ற மருந்து 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரவிவிட்ட பெருங்குடல் புற்றுநோயில், வழக்கமான மருந்தோடு இதையும் பெற்றவர்களின் ஆயுட்கால நடுமதிப்பு 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாயிற்று. ஏறக்குறைய ஐந்து மாதம். பேரப்பிள்ளையின் முகத்தைக் காண அந்த ஐந்து மாதம் போதுமானதாயிருந்த குடும்பங்கள் உண்டல்லவா? ஆனால் அதற்கும் விலை உண்டு. புண் ஆறுவதற்கும் புதிய குழாய்கள் வேண்டும். ஆகையால் இம்மருந்து பெறுவோருக்குக் காயம் ஆறத் தாமதமாகலாம், இரத்த அழுத்தம் ஏறலாம், அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதை நிறுத்திவைக்க வேண்டும். இயற்கைப் பொருள் ஒன்று மெய்யாகவே குழாய்களை அடைக்குமானால், அதற்கும் இதே எச்சரிக்கை வேண்டாமோ?

தானியேல் பத்து நாள் பருப்பு வகைகளை உண்டு முகக்களை பெற்றதைச் சுட்டிக்காட்டி, உணவே மருந்து என்று நம்மில் சிலர் போதிப்பதுண்டு. நானும் போதித்திருக்கிறேன். ஆனால் அவனும் அவன் தோழரும் ஆரோக்கியமான வாலிபர்கள், நோயாளிகள் அல்லர். அந்த அதிகாரத்தைக் கொண்டு ஒருவரின் ஊசியை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

செம்பூர் வீட்டு டப்பாக்களுக்கு வருகிறேன். பச்சைத் தேயிலையிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்னும் பொருள் போர்ட்டிசோமிப் மருந்தோடு நேரடியாகப் பிணைந்து அதைச் செயலற்றதாக்கிவிடுகிறது என்று, 2009-இல் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் செல்களிலும் எலிகளிலும் கண்டிருக்கிறார்கள். இதுவும் ஆய்வுக்கூடச் செய்திதான். மனிதனில் அப்படியே நிகழும் என்று நான் சொல்லத் துணியேன். எனினும் அந்தத் தாயார் பெறுவது அதே ஊசி. வாசித்தபோது என் கை நடுங்கிற்று. அன்று நான் ஜெபத்தோடு, "இயற்கைதானே, கொடுங்கள்" என்றும் சொல்லியிருந்தால்?

மறுநாள் காலையிலேயே மகனை அழைத்து விவரம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின், "அம்மாவுக்காக என் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியது, பாஸ்டர்" என்றார்.

அடுத்த ஊசிக்குச் சென்றபோது தாயார் இரண்டு டப்பாக்களையும் பையில் எடுத்துச் சென்றிருக்கிறார். ஊசிகள் முடியுமட்டும் இரண்டும் வேண்டாம் என்று சொன்ன மருத்துவர், எழுந்து நடக்க முடியாத அந்தச் சோர்வைப் பற்றி விவரமாய்க் கேட்டு, ஊசியின் அளவைச் சற்றுக் குறைத்துக் கொடுத்தாராம். குழம்பில் மஞ்சள் போடலாமா என்று தாயார் கேட்டதற்கு, தாராளமாய்ப் போடுங்கள் அம்மா என்று சிரித்தாராம்.