லட்டுக்குத் திட்டம் உண்டு, இணையதளத்துக்கு?

கடலை மாவு 180 கிலோ, நெய் 165, சர்க்கரை 400, முந்திரி 30, உலர் திராட்சை 16, கற்கண்டு 8, ஏலக்காய் 4. கூட்டினால் 803 கிலோ. இதில் 5,100 லட்டு வர வேண்டும். திருமலை மடப்பள்ளியில் இந்தக் கணக்குக்குப் பெயர் ‘திட்டம்’. தெலுங்கிலும் அதே சொல்தான், கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள். 1950-இல் வகுத்த திட்டம், கூட்டம் பெருகப் பெருகத் திருத்தப்பட்டு, 2001-இல் இன்றைய அளவுக்கு வந்தது.

மென்பொருள் உலகில் ‘டிசைன் சிஸ்டம்’ என்று பெரிதாகப் பேசப்படுவதும் ஏறக்குறைய இதுதான். படிவத்தில் பிறந்த தேதியை எப்படிக் கேட்பது, பொத்தான் எங்கே இருப்பது, தவறாக நிரப்பினால் என்ன வாசகம் காட்டுவது என்பதையெல்லாம் ஒருமுறை ஒழுங்காகச் செய்து பொதுவில் வைத்துவிட்டால், ஒவ்வொரு துறையும் தனித்தனியாக அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

திருமலைக்கு இந்தப் புத்தி பழையது. அங்குள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. கட்டளை வைத்தவர் பெயரோடு நின்றுவிடாமல், திருப்போனகத்துக்கு அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, பயறு எவ்வளவு என்று வெட்டி வைத்தார்கள். எதனால் அளப்பது என்பதையும் சேர்த்தே வெட்டினார்கள். மலைகுனிய நின்றான் என்று சுவாமியின் பெயரையே தாங்கிய மரக்கால் அது. ஊருக்கு ஊர் மரக்கால் மாறிய காலத்தில், அளவைப் பொதுவாக்காமல் பட்டியலை மட்டும் பொதுவாக்குவது வீண் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் திட்டம் தானாக லட்டுப் பிடிக்காது. ‘போட்டு’ என்று அவர்கள் சொல்லும் மடப்பள்ளியில் நூற்றுக்கணக்கானோர் முறைவைத்து வேலை செய்கிறார்கள். பூந்தி பொரிப்பவர் வேறு, பிடிப்பவர் வேறு. பாகின் பதத்தை விரலிடையில் பார்க்கும் கையை எந்தப் பட்டியலிலும் எழுத முடியாது. எழுத முடிந்ததுகூடக் கண்காணிப்பு தளர்ந்தால் கேள்விக்குள்ளாகும். நெய்யில் கலப்படம் என்று 2024 செப்டம்பரில் எழுந்த குற்றச்சாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. அக்டோபர் 4 அன்று சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. 165 கிலோ நெய் என்று திட்டம் சொல்லும். டின்னுக்குள் இருப்பது நெய்தானா என்று பார்க்க ஆள் வேண்டும்.

அரசு இணையதளங்களில் இடறுவது இங்கேதான். மத்திய அரசு 2025 பிப்ரவரியில் தன் தளங்களுக்கெல்லாம் நிறம், எழுத்துரு, சின்னம் வகுத்து ஒரு கையேடு வெளியிட்டது. நல்ல காரியம். அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஜனவரி 30 அன்று, ஆந்திர அரசு ‘மன மித்ரா’ என்ற பெயரில் 161 சேவைகளை வாட்ஸ்அப்பில் கொண்டுவந்தது. அதுவும் நல்லதே. கையேட்டை வெளியிட்ட பின் அதை வளர்ப்பது யார் என்பதுதான் கேள்வி.

பிரிட்டன் அரசு 2018-இல் தன் டிசைன் சிஸ்டத்தைப் பொதுவில் வைத்தபோது, மையக் குழுவே எல்லாவற்றையும் செய்யும் என்று சொல்லவில்லை. எந்தத் துறையிலிருந்தும் புதிய உறுப்பை முன்மொழியலாம். அது பயன்படுமா, ஏற்கெனவே இருப்பதன் நகலா என்று பல துறையினர் அடங்கிய குழு பார்க்கும். தேறினால் எல்லோருக்கும் பொது.

இப்படிச் செய்தால் வடிவமைப்பாளர்களின் கை கட்டப்படும் என்று ஒரு முணுமுணுப்பு எப்போதும் எழும். பதில் திருப்பதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காளஹஸ்தி கலம்காரிக்காரர்களுக்குக் கடுக்காயும் பாலும் ஊறிய துணி பொது, புளியங்குச்சிக் கரி பொது, வெல்லத்தில் இரும்பைப் புளிக்கவிட்டு எடுக்கும் கறுப்பும் பொது. கோடு மட்டும் அவரவர் கை.

இனி ஆந்திரத்தின் தமிழக எல்லையோர ஊர்களுக்கு வருவோம். நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கம் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வாழ்பவர்கள் ஏராளம். ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ என்பது ஆறெழுத்து. அந்த அகலத்துக்கு அளந்த பொத்தானில் ஒன்பது எழுத்து ‘சமர்ப்பிக்கவும்’ எப்படி அடங்கும்? தெலுங்குக்குச் சிக்கல் உயரத்தில். எழுத்தின் கீழே தொங்கும் ஒத்தும் அடுத்த வரியின் தலைமேல் நிற்கும் தலகட்டும் மோதிக்கொள்ளும். குழுவில் மொழி தெரிந்த ஒருவர் இருந்தால் வரி இடைவெளியைக் கூட்டச் சொல்வார்; தமிழுக்கு ‘அனுப்பு’ போதுமே என்பார். நாலே எழுத்து. இதைக் கண்டுபிடிக்க ஆலோசனை நிறுவனம் எதற்கு?

ஆகவே குழுவில் வரைபவரும் நிரல் எழுதுபவரும் இருந்தால் மட்டும் பற்றாது. கிராமச் செயலகத்தில் உட்கார்ந்து நாள் முழுவதும் பிறர் படிவத்தை நிரப்பித்தரும் டிஜிட்டல் அசிஸ்டென்டுக்கு அதில் சம இடம் வேண்டும். எந்தக் கட்டத்தில் முதியவர் திகைக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். மாற்றம் கேட்க ஒரே இடம், கேட்டதற்குக் காரணத்தோடு பதில், பழையதை நீக்க ஒரு தேதி ஆகியவை ஒழுங்காக நடந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

திருப்பதியில் 2015 முதல் ஐஐடி இருக்கிறது, குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டிலிருந்தும் நாலு பேரை அழைத்து, செயலக ஊழியர்கள் நாலு பேரோடு ஒரே மேசையில் உட்கார வைக்க மாநில அரசு முன்வர வேண்டும். முதல் வேலையாக வருமானச் சான்றிதழ் படிவத்தை எடுத்துக்கொள்ளட்டும்.