12 வயதுத் தேனீ

அன்புள்ள குட்டீஸ்,

வெனிலா ஐஸ்கிரீம் பிடிக்காதவர்கள் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்! ஒரு கைகூட உயராது என்று தெரியும். அந்த வாசனை ஒரு கொடியில் காய்க்கும் காயிலிருந்து வருவது. (கடையில் நாம் வாங்குவதில் பெரும்பாலும் செயற்கை எசன்ஸ்தான், அது வேறு கதை.)

வெனிலாவின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே காட்டுத் தேனீக்கள் அதன் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்தன. ஐரோப்பியர்கள் கொடியைக் கப்பலில் ஏற்றி வேறு நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். தேனீயை யார் நினைத்தார்கள்? இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் கொடி செழிப்பாகப் படர்ந்தது, பூத்தது. காய்தான் பிடிக்கவில்லை.

பூவில் மகரந்தம் இருக்கிறது. அது போய்ச் சேரவேண்டிய சூல்முடியும் அதே பூவில், பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் நடுவே நாக்கு போல ஒரு சிறிய சவ்வு! அதை யாராவது விலக்கினால்தான் உண்டு. காலையில் மலரும் பூ அன்றைக்கே வாடிவிடும் என்பதால், நேரமும் குறைவு.

அந்தத் தீவில் எட்மண்ட் என்ற சிறுவன் அடிமையாக இருந்தான். பிறந்தபோதே தாயை இழந்தவன். பள்ளிக்கூடம் போனதில்லை. முதலாளியின் பின்னாலேயே தோட்டத்தில் சுற்றிச் செடிகொடிகளைத் தெரிந்துகொண்டான். பூசணி இனத்துக் கொடி ஒன்றில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் சேர்த்தால் காய் பிடிக்கும் என்று முதலாளி அவனுக்குக் காட்டியிருந்தார்.

1841-ல் ஒரு நாள், பல வருடங்களாக மலடாக நின்ற வெனிலாக் கொடியில் காய் தொங்குவதைப் பார்த்து முதலாளி அசந்துபோனார். "நான்தான் செய்தேன்" என்றான் எட்மண்ட். அவர் நம்பவில்லை. செய்து காட்டினான். மெல்லிய குச்சியால் சவ்வைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியில் ஓர் அழுத்து. அவ்வளவுதான்! அப்போது அவனுக்கு வயது 12.

பெல்ஜியத்தில் மோரன் என்ற அறிஞர் 1836-லேயே கையால் வெனிலாவைக் காய்க்கவைத்திருந்தார். ஆனால் தோட்டம் தோட்டமாகப் பரவியது எட்மண்டின் சுலபமான வழிதான். தீவு வெனிலாவால் செழித்தது. எட்மண்டுக்கு? 1848-ல் அடிமை முறை ஒழிந்தபோது விடுதலையும், அல்பியஸ் என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன. பணம் கிடைக்கவில்லை. ரிஷார் என்ற தாவர அறிஞர், "அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்" என்றுகூடக் கிளம்பினார். கண்டுபிடித்தது எட்மண்ட்தான் என்று அவருடைய பழைய முதலாளியே எழுதிவைத்ததால் நமக்கு உண்மை தெரிகிறது. 1880-ல் வறுமையிலேயே எட்மண்ட் இறந்தார்.

மடகாஸ்கரிலும், நம் கேரளத்திலும், கர்நாடகத்திலும் வெனிலாத் தோட்டங்களில் இன்றும் ஒவ்வொரு பூவாக இப்படித்தான் தொட்டுக்கொண்டு போகிறார்கள்.

பக்கத்தில் பூசணிக் கொடி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சீக்கிரம் எழுந்து பாருங்கள். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ. நீளக் காம்பில் வெறுமனே நின்றால் ஆண் பூ. எத்தனை ஆண், எத்தனை பெண், வந்தது தேனீயா, எறும்பா? எண்ணி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்