டிஸ்க் ரெண்டு, சாவி ஒண்டு



எபிசோடில் நேரம் போதாமல் விட்டதை இங்கே நேரடியாகவே சொல்லுறம்: வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் ஒரேயொரு ஓஎஸ்ஸுக்கு மட்டும் விளங்குற சாஃப்ட்வேர் ரெய்டில் வைக்காதீங்கோ. டுவல் பூட் செய்யிற ஆட்கள் கட்டாயம் வைக்காதீங்கோ.

ஏன் இப்ப இந்தக் கதை? 2025 அக்டோபர் 14-ஆம் திகதியோடு வின்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு முடிஞ்சுது. நல்லா ஓடுற கொம்பியூட்டரை எறிய மனமில்லாமல், பக்கத்தில் லினக்ஸையும் போட்டுப் பார்ப்பம் எண்டு யோசிக்கிற ஆட்கள் குரோய்டனிலும் இருக்கிறீங்கள். நல்ல யோசனைதான். ஆனால் அம்மா அப்பாவின்ர கலியாண வீடியோவும் அம்மம்மாவின்ர யாழ்ப்பாணத்துப் படங்களும் அதே மெஷினில், ரெண்டு டிஸ்க்கில் மிரராகக் கிடந்தால்? லினக்ஸில் பூட் பண்ணினதும் ஒண்டையும் காணேல்லை எண்டு நெஞ்சு பதறும்.

டேட்டா எங்கேயும் போகவில்லை. சாஃப்ட்வேர் ரெய்டில் டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டுவது ஓஎஸ்தான். எப்படிக் கட்டியது என்ற குறிப்பை அது தன் பாஷையில் டிஸ்க்கிலேயே எழுதிவைக்கும். அந்தப் பாஷை தெரியாத ஓஎஸ் அதை ரெய்டாகவே பார்க்காது.

வின்டோஸ் 8-உடன் வந்த ஸ்டோரேஜ் ஸ்பேசஸை வாசிக்கும் வசதி லினக்ஸ் கெர்னலில் இல்லை. அதைவிடப் பழைய, வின்டோஸ் 2000 காலத்து டைனமிக் டிஸ்க்கை எல்டிஎம்டூல் என்ற கருவியால் லினக்ஸில் திறக்கலாம். பயாஸில் அமைக்கிற இன்டெல் ரெய்டை ரெண்டு பக்கமும் வாசிக்கலாம்: வின்டோஸில் இன்டெல் டிரைவர், லினக்ஸில் எம்டிஅட்ம். ஆனால் எம்டிஅட்மின் சொந்த முறையில் கட்டின ரெய்ட் வின்டோஸுக்கு விளங்காது.

விளங்காட்டில் வின்டோஸ் சும்மாவும் இருக்காது. பார்ட்டிஷன் போடாமல் முழு டிஸ்க்கையும் ரெய்டுக்குக் கொடுத்திருந்தால், டிஸ்க் மனேஜ்மென்டைத் திறந்ததும் "இனிஷியலைஸ் பண்ணவா?" எண்டு கேட்கும். ஓகே அமத்தாதீங்கோ! லினக்ஸ் ரெய்டின் குறிப்பு வழமையாக டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட்டில் இருக்கும். புது ஜிபிடி அட்டவணை விழுவதும் அதே இடத்தில்தான்.

மிரரில் ஒரு டிஸ்க்கை மட்டும் மற்ற ஓஎஸ்ஸில் திறந்து எழுதுவதும் ஆபத்து. ரெண்டும் வேற வேறயாகிவிடும், ரெய்டுக்கு அது தெரியவே வராது. திறக்கத்தான் வேணுமெண்டால் ரீட்-ஒன்லியாகத் திறவுங்கோ. வின்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிப்பாட்டுங்கோ.

"ரெண்டு கிளிக்கில் மிரர் வருது, பிறகு ஏன் கரைச்சல்?" எண்டு கேட்பீங்கள். நியாயமான கேள்வி. ஒரு டிஸ்க் பழுதாகினால் அந்த மிரர் காப்பாற்றும். ஓஎஸ்ஸை மாற்றினால் காப்பாற்றாது. இந்தப் படங்கள் இந்தக் கொம்பியூட்டரைவிடக் கனகாலம் இருக்க வேண்டியவை.

எங்கட ஆட்களுக்கு இது வெறும் டெக் கதை இல்லை. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் அதில் போய்விட்டன. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை ஸ்கான் செய்து, எவரும் திறக்கக்கூடிய பிடிஎஃப்பாக இணையத்தில் வைக்கிறது. கன பிரதி, எல்லாருக்கும் திறக்கிற வடிவம்: வீட்டுக்கும் அதே விதிதான்.

காசிருந்தால் ஒரு நாஸ் வாங்குங்கோ. ரெய்டை அது உள்ளுக்குள் பார்த்துக்கொள்ளும். வின்டோஸ், லினக்ஸ், மக், ஃபோன் எல்லாம் நெட்வர்க் வழியாக அதே ஃபைலைத் திறக்கும். காசில்லாட்டில் எக்ஸ்ஃபாட்டில் ஃபோர்மட் செய்த ரெண்டு வெளி டிரைவ் போதும்: ஒண்டு வீட்டில், மற்றது ஹாரோவில் இருக்கிற சித்தி வீட்டில். நாஸ் வாங்கினாலும் அந்த வெளிக் கொப்பி வேணும். ரெய்ட் பாக்கப் இல்லை.

இந்தக் கிழமை ஒரு வேலை செய்யுங்கோ. லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் பூட் பண்ணி, அந்தக் கலியாண வீடியோ திறக்குதோ எண்டு பாருங்கோ. திறக்காட்டில், வின்டோஸ் ஒழுங்காக ஓடும்போதே கொப்பி எடுத்து வையுங்கோ.